திங்கட்கிழமை நாக்கு

— இன்னும் நல்லா நீட்டு. பாதி நாக்கை உள்ள வெச்சுக்கிட்டா நான் என்னத்தப் பாக்குறது?

— ஆ... இவ்வளவுதான் அண்ணி வரும். பச்சையா இருக்கா, இல்லையா?

— ஃபேக்டரியில அண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவ சொல்றது? இங்க நான் நர்ஸ். நாக்கு சுத்தம். போ, அடுத்த ஆளை அனுப்பு.

— அடுத்த ஆள் யாரும் இல்ல. வேணும்னுதான் கடைசியா வந்தேன்.

— என்னவாம்?

— பாப்பா என் நாக்கைப் பாத்துப் பயந்து அழுவுறா. அரைக்கிற ரூம் வாசல்லயே எழுதி மாட்டியிருக்காங்க, வனேடியம் பொடி உள்ள போனா நாக்கு பச்சையாகும்னு. எனக்கு மட்டும் வாராவாரம் சுத்தம்னே எழுதுறீங்க.

— நான் குடுக்கிற இருமல் மிட்டாயோட சாயம்டி அது. நாலு மாசமா இதையே சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது.

— பத்து நாளா மிட்டாயைத் தொடல. சத்தியமா. சாயம்னா இந்நேரம் போயிருக்கணும்ல?

— யாரு உன்னை நிறுத்தச் சொன்னா?

— யாரும் சொல்லல. நானேதான்.

— மாஸ்க் போடுறியா?

— போட்டா மூச்சுக்காத்துல கண்ணுக் கண்ணாடி மங்கிருது, பொடி சரியாத் தெரியல. அந்த ஆரஞ்சு வனேடியப் பொடி கலக்காம ஒரு இடத்துல திட்டா நின்னாலும், சூளையில சுட்டு எடுத்தப்புறம் அந்த இடம் மங்கிரும். ஊதா லைட்டுல பிடிச்சா காட்டிக்குடுத்துரும். என் தட்டைப் பாத்திருக்கீங்களா? பாக்க வெள்ளை மாவு, லைட்டைப் பிடிச்சா தணல் மாதிரி ஒரே சீரா செவப்பு. நம்ம பல்புக்கு அந்த நெறமே உன் கையாலதான்னு சூப்பர்வைசர் சொன்னாரு.

— பெருமையப் பாரு. அவர் சொன்னாராம், இவ மூக்கைத் தொறந்து வெச்சுக்கிட்டு அரைச்சாளாம்!

— திட்டுங்க, பரவாயில்ல. இன்னிக்கு மட்டும் உள்ளதை எழுதுங்க அண்ணி. பச்சைன்னு எழுதினா பேக்கிங்குக்கு மாத்திருவாங்க, அதுதானே ரூல்? நாலு படி ஏறினா நெஞ்சுல விசில் அடிக்குது. பாப்பாவைத் தூக்க முடியல. பயமா இருக்கு.

— கதவைச் சாத்து.

— அப்ப... பச்சைதானா?

— பச்சைதான். நாலு மாசமாப் பச்சைதான்.

— அண்ணி!

— கத்தாதே. நீ வெளிய வந்தா உள்ள யாரு போவணும்னு நோட்டீஸ் போர்டைப் பாத்தியா? உனக்கடுத்த பேரு உங்க அண்ணன். எனக்கு ரெண்டு புள்ளைங்க. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அழுவேன், அழுதுட்டு எந்திரிச்சிருவேன். அவருக்கு ஆச்சுன்னா என்னால முடியாது.

— அதுக்காக மிட்டாயைக் குடுத்து ஏமாத்துவீங்களா? சின்னவன் பொறந்தப்ப பதினஞ்சு நாள் உங்க துணியைத் தொவச்சுப் போட்டவ நான்!

— தொவச்ச. இல்லேங்கல.

— மனசாட்சின்னு ஒண்ணு கெடையாதா உங்களுக்கு?

— இருந்துச்சு. அதை வெச்சுக்கிட்டு அந்த வீட்ல நான் என்ன பண்ண?

— அண்ணனுக்கு மட்டும் தெரியட்டும், உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. அப்பா போனப்புறம் என்னைத் தோள்ல போட்டு வளத்தவரு. உனக்குப் பதிலா நான் போறேன்னு அவரே வந்து நிப்பாரு. இப்பவே போய்ச் சொல்றேன்.

— தாராளமாப் போ. அதுக்கு முன்னாடி இந்த ரிஜிஸ்டரைப் பாத்துட்டுப் போ. மொத வாரம் நான் பச்சைன்னு எழுதித்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அதை அடிச்சிட்டு மேல ‘சுத்தம்’னு எழுதியிருக்கே, அது யாரோட எழுத்துன்னு நீயே சொல்லு.