திங்கட்கிழமைச் சோதனை

வாரம் ஒரு சோதனை வைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை, டீன். பத்துக் கேள்வி, பத்து நிமிடம், திங்கட்கிழமை காலை முதல் வேலை அதுதான். போன வருடம் என் புள்ளியியல் வகுப்பில் நாற்பது பேரில் பதினொருவர் பாதியில் நின்றுவிட்டார்கள். இந்த வருடம் ஒருத்திதான் போனாள். ஆசிரியர் கூட்டத்தில் நீங்களே கை தட்டினீர்கள்.

அந்த ஒருத்தியைப் பற்றித்தானே இந்த விசாரணை. சொல்கிறேன்.

பெயர்ப் பட்டியலில் ‘தினேஸ்வரி ஏ/பி ராமையா, பீடோர்’ என்று இருந்தது. நம்மவர்களுக்கு அடையாள அட்டையிலேயே அப்பன் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். இன்னார் மகள் என்பதை அந்த ‘ஏ/பி’யே சொல்லிவிடும். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் எங்களுக்கு ஒரு ராமையா வாத்தியார் இருந்தார். வெள்ளிதோறும் என் தம்பி தர்மாவை நாற்காலிமேல் ஏற்றிவிட்டு, அவன் சோதனைப் புள்ளியை உரக்க வாசிப்பார். “ஒனக்குப் பால்மரந்தான்டா லாயக்கு” என்பார். வகுப்பே சிரிக்கும். பன்னிரண்டு வயதில் தர்மா பள்ளியை விட்டான். பதினாறில் புல்லுக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தான். இவள் அந்த மனிதரின் மகள்தான் என்று முடிவு கட்டினேன்.

பென்சிலில்தான் விடைக் கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்பது என் விதி. அது வசதியாக இருந்தது. முதல் சோதனையில் தினேஸ்வரி ஒன்பது எடுத்தாள். வீட்டில் உட்கார்ந்து ஐந்தை அழித்து, பக்கத்துக் கட்டங்களைக் கறுப்பாக்கினேன். நான்கு. மறுவாரம் மூன்று. புள்ளிகளை வகுப்பில் உரக்க வாசித்தேன். அவளைப்போல் ஆகிவிடக் கூடாது என்று மற்றவர்கள் விழுந்து விழுந்து படித்தார்கள்.

மூன்றாம் வாரம் என் அறைக்கு வந்தாள். “நான் சரியாத்தான் போட்டேன்லா, மிஸ். வீட்டுல மறுபடி போட்டுப் பாத்தா சரியா வருது. எனக்கு மூளையில ஏதும் கோளாறா?” என்றாள்.

“பயிற்சி பத்தலம்மா” என்றேன். நம்பிவிட்டாள்.

எட்டாவது திங்கட்கிழமை அவள் வரவில்லை. கமுந்திங்கில் ஏதோ தொழிற்சாலையில் கையுறை அடுக்குகிறாளாம்.

ராமையா வாத்தியாருக்குப் பிள்ளைகளே இல்லை என்று நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டீர்கள். ஆள் மாறிப்போய் நடந்த தவறு என்று அறிக்கையில் எழுத நினைக்கிறீர்கள். அப்படி எழுத வேண்டாம். நான்காம் வாரமே அவள் அப்பா என்னைப் பார்க்க வந்திருந்தார். கொய்யாத் தோட்டத்தில் கூலி வேலை. வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடக்கூடத் தெரியவில்லை. ஒரு பை கொய்யாவை மேசையில் வைத்து, “எம் மவள நீங்கதான் கரையேத்தணும், மிஸ்” என்று கும்பிட்டார். இவர் வேறு ராமையா என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் மூன்று திங்கட்கிழமை அவள் விடைகளை அழித்தேன். நிறுத்த மனம் வரவில்லை, டீன். வகுப்பு அவ்வளவு நன்றாகப் படித்துக்கொண்டிருந்தது.