ஒரு முழம் குறைந்த பெஞ்சுகள்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் துணைத் தலைவர் வத்திராயிருப்பு சுந்தரபாண்டியன் அண்ணாச்சி அவர்களே, முன்வரிசையில் இருக்கும், எங்கள் தலைவரின் வீட்டம்மா நாகஜோதி அக்கா அவர்களே, மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு ஈரக் கையோடு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்திருக்கும் சங்கத்து உறவுகளே, உங்கள் எல்லோருக்கும் செயலாளர் மாரிச்செல்வியின் வணக்கம்.

எங்கள் போன்சாய் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர், முன்னாள் ராணுவ வீரர், ஹவில்தார் ராக்கப்பன் அண்ணாச்சி மறைந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. அழ வேண்டியிருக்கும் என்று கைக்குட்டையோடுதான் வந்தேன். ஆனால் அவரை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. நிறைவாக வாழ்ந்தவர். எழுபது தாண்டியும் தன் கையால் மரச்சட்டம் அறுத்தவர். சாயங்காலம் டீயைக் குடித்துவிட்டு, தன் தொட்டி ஆலமரத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடியவர். இப்படியொரு சாவு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனாலும் ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. தேவதானத்து வீட்டு முற்றத்தில் நிற்கும் அந்த மரங்கள் அங்கேயே நிற்குமா, நம் வீடுகளுக்குப் பிரிந்து போகுமா? அக்காவின் மனதை அரித்துக்கொண்டிருப்பது இதுதான். அதைப் பேசத்தான் மைக் முன்னால் வந்தேன்.

நமக்கெல்லாம் மரம் வளர்க்கத் தெரிந்தது. அதை எதன் மேல் வைப்பது என்று தெரிந்ததா? மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தோம், காற்று தள்ளிவிட்டது. தரையில் வைத்தோம், எறும்பு குடியேறியது. தம்பி கௌதம்ராஜ் ஆன்லைனில் ஒரு ஸ்டாண்டு வாங்கினார். படத்தில் அருமையாக இருந்தது. ஈரத் தொட்டி ஒன்றை ஏற்றியதும் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்த்த அண்ணாச்சி, “பூச்சட்டிக்குச் செஞ்சத வாங்கிட்டு மரத்தை ஏத்தினா அது என்னடே செய்யும்?” என்றார். அடுத்த வாரமே வேப்பஞ்சட்டங்களோடு கௌதம்ராஜ் வீட்டு வாசலில் நின்றார்.

அன்று தொடங்கியதுதான். கரையான் ஏறாமல் காலுக்குக் கீழே கல், தண்ணீர் தேங்காமல் மேல்சட்டங்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் ஆடாத பெஞ்சு. சோழபுரத்தில் அவர் பெஞ்சு, சேத்தூரில் அவர் பெஞ்சு, என் ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டைமாடியில் அவர் பெஞ்சு. கேட்டவருக்கு இல்லை என்று சொன்னாரா? ஒரு செம்பு மோருக்கு மேல் எதையாவது எதிர்பார்த்தாரா?

குறையே இல்லாத மனிதரா என்றால், இல்லை. அவர் ஆறடி. பெஞ்சு எல்லாம் அவருடைய நெஞ்சு உயரம். “மரத்துக்கு முன்னால நிமிர்ந்து நிக்கணும்” என்பார். அவர் நிமிர்ந்து நின்றால் ஆலமரத்தின் கிளை தெரியும். நான் நிமிர்ந்து நின்றால் தொட்டியின் அடிவயிறுதான் தெரியும். தண்ணீர் ஊற்ற ஸ்டூல் போட்டு ஏறினோம். ஹவில்தாரிடம் யார் சொல்வது? நம் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, தன் தோப்பில் பெஞ்சுக்கால்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டு, மழையில் தானாக இறங்கிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார். சிரிக்காதீர்கள், மேடையில்தான் இருக்கிறார்.

ஒரு தடவை ராக்கப்பன் அண்ணாச்சி பழைய பட்டாளத்துக்காரர்களைப் பார்க்க பெங்களூர் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா தச்சர் சாம்சனை வரவழைத்தார். தன் கையால் ஒரு முழம் அளந்து, அத்தனை பெஞ்சுக்காலிலும் அதைக் குறைக்கச் சொன்னார். சாம்சன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணாச்சி வந்தா என்னையல்லா அக்கா அறுப்பாக?”

“நீ காலை அறு. அவியள நான் பாத்துக்கிடுதேன்.”

அண்ணாச்சி திரும்பி வந்தார். முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஆலமரத்துக்கு எதிரே உட்கார்ந்தார். காபி ஆறியது. அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில், “உக்காந்து பாத்தாத்தான் இதோட அடித்தூரே தெரியுது. இம்புட்டு நாளா யாரும் சொல்லலையே” என்றார்.

“நீங்க எங்க சொல்ல விட்டிய?” என்றார் அக்கா.

ராணுவத்தில் உத்தரவு மாறினால் மாறியதுதான். ரம்பத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். எல்லாப் பெஞ்சிலும் ஒரு முழம்! புதைத்து வைத்த தோப்புப் பெஞ்சையும் விடவில்லை. அது இப்போது முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. சுந்தரபாண்டியன் அண்ணாச்சி வீட்டு நாய் அதில்தான் படுக்கிறது. அந்த வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சியில், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மரத்துக்கு முன்னால் நாற்காலி போட்டோம். பாராட்டியவர்களிடம் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். “இது என் வீட்டம்மா வச்ச அளவு.” அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. அது நம் வழக்கம். ஆனால் அன்றைக்கு நம் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக முற்றத்தில் நின்று, ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டே, “போயிட்டு வாரேன் அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வந்தார்கள். அண்ணாச்சி நினைவாக அந்த ஆலமரத்தை நான் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்கள். எல்லோரும் கேட்டது அதே மரத்தை. ஆசையில் இல்லை, அன்பில்தான் கேட்டீர்கள். எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சுமையாக இருக்கும் என்று நினைத்துவிட்டீர்கள். ஆனால் அண்ணாச்சி எல்லையில் காவல் நின்ற வருடங்களில் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? கொளுத்தும் சித்திரையில் ஈரச்சாக்குப் போட்டு அதைப் பிழைக்க வைத்தது யார்? அவர் மரம், அவர் மரம் என்கிறோமே, அது எந்தக் காலத்தில் அவருடையது மட்டுமாக இருந்தது?

நேற்று அக்காவிடமே கேட்டேன். “கேட்டு வந்தவியள நான் கோவிக்கல. ஆனா மரம் என் முற்றத்துலதான் நிக்கும். நானும் தினம் செத்த நேரம் அந்த நாற்காலியில உக்காரணும்ல? அவிய பாதியில விட்ட பெஞ்சு ஒண்ணு கெடக்கு. கால் நிக்கி, மேல சட்டம் அடிக்கல. அஞ்சாறு தொட்டி தரையில இருக்கு. மழைக்கு முன்னால முடிச்சுக் குடுங்க. அம்புட்டுத்தான் நான் கேக்கது” என்றார்.

உறவுகளே, தீர்மானம் எழுதி வாசிக்க எனக்கு விருப்பமில்லை. அண்ணாச்சியின் வேலையைத் தொடர்வோம் என்று சபதம் எடுப்பதானால், அந்த வேலை தேவதானத்து முற்றத்தில் பாதியில் கிடக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் அங்கே வந்துவிடுங்கள். ரம்பம், சுத்தியல், ஆணி, சட்டம் எல்லாம் அவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அளவு சொல்ல அக்கா இருக்கிறார். மத்தியானச் சாப்பாடும் உண்டு. அதனால் வெறுங்கையோடு வாருங்கள். திரும்பும்போதும் தயவுசெய்து வெறுங்கையோடே போங்கள்.