ஹீட்டர் வைத்த கடிகாரம்

“கடியாரத்துக்கு எதுக்குடி ஹீட்டரு?”

முன் சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது. குஜிலியம்பாறையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்து. அவர் மனைவியின் மடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கடிகாரம் இருந்தது. திண்டுக்கல் காயலான் கடையில் வாங்கியதாம். ஓடவில்லை என்று அங்கேயே திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள்.

“இது ரஷ்யாக்காரன் ஏரோப்ளேன் கடியாரம்ங்க. எழுத்தப் போட்டோ புடிச்சு போன்ல தேடிட்டேன். மேல போனா குளுரும்ல? உள்ள எண்ணெ கெட்டியாயிறக் கூடாதுன்னு கரண்டு குடுத்துச் சூடாக்குவாகளாம்.”

“அப்ப பின்னாடி இருக்க வயரு?”

“அந்தச் சூட்டுக்குத்தான். கடியாரம் சாவி குடுத்தாத்தான் ஓடும். நீங்களும் எலக்ட்ரீசியனும் மூணு நாளாப் பேட்டரிய மாட்டி, நம்மூரு வெயில்ல அதுக்குக் குளுருகாய வச்சிருக்கீக.”

“சாவி குடுத்தா ஓடும்னா, நானும் அந்தச் செகப்புத் திருகத் திருகிப் பாத்தேனே?”

“வலப்பக்கம் திருகுனீக. இத இடப்பக்கம் திருகணும்.”

திருகினாள். டிக் டிக் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அதே திருகை ஒருமுறை அமுக்கினாள். முகப்பின் மேல்பகுதியில் சின்னத் துளை ஒன்று சிவப்பாக மாறியது.

“பறக்குற நேரத்த இப்ப இருந்து எண்ணும்.”

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மறுபடி அமுக்கினாள்.

“நாப்பது நிமிசம் பறந்திருக்கோம்.”

“காயலான் கடைக்காரரு காத்திருப்பாரே?”

“இருக்கட்டும். ஊருக்குத் திரும்புற பஸ்ஸு எங்க நிக்குதுன்னு பாருங்க. அதையும் அளந்துருவோம்.”