பச்சை மாவு

அக்கா, அந்த போனைக் கொஞ்சம் கீழ வைங்க. போலீஸெல்லாம் வேண்டாம். சத்தியமா இது போதைப்பொடி இல்ல, மயக்க மருந்தும் இல்ல. குளுக்கோஸ். டப்பாவைப் பாருங்க, மேலயே போட்டிருக்கு. இவ என் பொண்ணு. மூக்கைப் பாத்தாலே தெரியலையா? எங்க குடும்பத்து மூக்கு, ஆளுக்கு முன்னாடி அது வந்து நிக்கும்.

சேச்சே, தப்பா எடுத்துக்கல. ஒரு ஆம்பள, பஸ்ல, தொங்கிப்போய்க் கெடக்குற புள்ள வாய்க்குள்ள வெள்ளைப் பொடியைத் தேய்ச்சா நானே சட்டையைப் பிடிச்சிருப்பேன். ஒரு உதவி பண்ணுங்க, இவ தலையை இப்படி ஒருபக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சுக்குங்க. ஆங், அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். ஆம்புலன்ஸ், டாக்ஸி ரெண்டுமே நேரமாகும்னாங்க. வாசல்ல இந்த பஸ் வந்து நின்னுச்சு, அள்ளிப் போட்டுக்கிட்டு ஏறிட்டேன். இது என்னடான்னா ஊர்வலம் மாதிரி ஊருது.

காய்ச்சல் இல்லக்கா. சர்க்கரை எறங்கிடுச்சு. இல்ல இல்ல, பெரியவங்களுக்கு வருதே, அந்தச் சர்க்கரை வியாதி இல்ல. எப்படிச் சொல்றது... நாம சாப்பிட்டது மிஞ்சினா, ஈரல் அதைக் கோத்துக் கோத்துச் சேத்து வச்சுக்கும். பாசிமணி மாதிரி, சர்க்கரை மணி மணியாக் கோத்த சரம். சரத்துல கிளை, கிளைக்குள்ள கிளை. பசிக்கும்போது அதை வெட்டி வெட்டி ரத்தத்துல விடணும். வெட்டுறதுக்குன்னே உடம்புல கத்திரிக்கோல் இருக்கு. ஸ்கூல்ல நொதின்னு படிச்சோமே, என்சைம், அதேதான். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே நான் மறந்துட்டேன், இவளைப் பெத்தப்புறம் திரும்பப் படிச்சேன். நான் கர்ட்டன் தைக்கிறவன்க்கா, டாக்டரம்மா கத்திரின்னு சொன்னதும்தான் மண்டையில ஏறுச்சு. என் கத்திரி மழுங்கும், சாணை பிடிக்கணும். இது மழுங்கவே மழுங்காதாம். துளியூண்டு இருந்தாப் போதும், ஒண்ணை வெட்டிட்டு அப்படியே அடுத்ததுக்குப் போயிடுமாம், தானும் தேயாதாம். நேரா இருக்குற சரத்தை வெட்ட ஒண்ணு, கிளை பிரியுற எடத்துல வெட்ட இன்னொண்ணு. இவளுக்கு அந்த ரெண்டாவது பொறக்கும்போதே இல்ல.

ஆமா, ஈரல் நெறையச் சரக்கு இருக்கு. வயித்தைத் தொட்டுப் பாருங்க, எப்படி வீங்கிக் கெட்டியா இருக்குன்னு. ஆனா புள்ள பசியில மயங்கும். பீரோ நெறையத் துணி, பூட்டுத் தொறக்கலன்னா உடுத்த என்ன இருக்கு?

மருந்தா? சிரிப்பீங்க. சோள மாவு. கடையில பாக்கெட்ல விக்கிறானே, வெள்ளையா, அதேதான். பச்சையா, ஆறுன தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். அதுவும் சர்க்கரைச் சரம்தான். அதை வெட்டுற கத்திரி குடல்ல இருக்கு, அது இவளுக்கு நல்லாவே வேலை செய்யுது. பச்சை மாவுன்னா கெட்டி உருண்டை உருண்டையா இருக்கும், கத்திரி உள்ள நுழைய முடியாம ஓரமா ஓரமாக் கொறிக்கும். சொட்டுச் சொட்டாச் சர்க்கரை எறங்கும், மணிக்கணக்குல தாங்கும்.

குடுக்காம இருப்பேனாக்கா? குடுத்தேன். நான் குடுத்ததுதான் பிரச்சினையே.

எப்பவும் இவ அம்மாதான் கரைப்பா. இன்னைக்கு அவளுக்குக் காலை ஷிப்ட். இவ வாயை இறுக்கி மூடிக்கிட்டா. சுண்ணாம்பு மாதிரி இருக்குப்பா, நீ குடி பாப்போம்னா. குடிச்சேன். சுண்ணாம்பேதான். எனக்கு மனசு கேக்கல. இரக்கம் உள்ள வந்தா அறிவு வெளிய போயிடும் எனக்கு. அடுப்பைப் பத்த வச்சு, கொஞ்சம் பாலும் விட்டு, கஞ்சியாக் கிண்டிட்டேன். கோப்பையை வழிச்சு நக்கிட்டு, ஒதட்டுக்கு மேல வெள்ளை மீசையோட சிரிக்கிறா. எனக்குப் பெருமை தாங்கல. போட்டோ எடுத்து அவ அம்மாவுக்கு அனுப்பினேன், பாத்தியா, உன்னால முடிஞ்சுதான்னு.

அவ டீ குடிக்கப் போகும்போதுதான் அதைப் பாத்திருக்கா. போன் பண்ணா. ஹலோகூட இல்ல. பின்னாடி சட்டியில ஆவி பறக்குதே, அடுப்புல வச்சியான்னா. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வேக வச்சா அந்த உருண்டையெல்லாம் வெடிச்சு விரிஞ்சுடும்க்கா. கத்திரி மொத்தமா உள்ள பூந்து ஒரே மூச்சுல எல்லாத்தையும் வெட்டிடும். மத்தியானம் வரைக்கும் தாங்க வேண்டியது கொஞ்ச நேரத்துலயே தீந்துடும். ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பியிருந்தாங்க. திரும்பிப் பாக்குறேன், சோபாவுல வேர்த்து வழிஞ்சு கெடக்குறா. வீட்ல இவளுக்கு வாயாடின்னுதான் பேரு. கூப்பிட்டா ம்னுகூடச் சொல்லல.

வீட்லயே விரல்ல குத்தி, சர்க்கரை மெஷின்ல பாத்தேன், நாப்பத்தொண்ணு. எழுபதுக்குக் கீழ போகவே கூடாது. இந்தக் குளுக்கோஸுக்குக் கத்திரியே வேண்டாம், ஏற்கனவே உதிரி மணி. கன்னத்துக்குள்ள தேய்ச்சுட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி பாக்கணும். நேரமாச்சு. விரலை நீங்க பிடிங்க. ஒரே குத்துடா கண்ணு, அவ்வளவுதான்... சிணுங்குறா! சிணுங்குனாளா இல்லையா? நீங்களும் கேட்டீங்கல்ல?

இந்தாங்க, மெஷினை உங்க பக்கமாவே திருப்பி வச்சுக்குங்க. எனக்குக் காட்டாதீங்க. பீப்னு அடிக்கும், நம்பரை மட்டும் சொல்லுங்க. பயமா இருக்குக்கா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.

எவ்வளவு? இன்னொரு தடவை சொல்லுங்க. அறுபத்திமூணா? மெஷினைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு சொல்லலையே? ஏறுது. ஏறுதுக்கா. இது பத்தாது, ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் போடணும், இருந்தாலும் ஏறுது. பாருங்க, என் விரலைப் பிடிச்சிருக்கா.

என்ன கேட்டீங்க? நானே ஏன் பாக்கலன்னா?

அதுவா. இவளுக்கு முன்னாடி ஒரு பையன் இருந்தான். அப்ப வியாதிக்குப் பேரும் தெரியாது, மெஷினும் கெடையாது, மாவும் கெடையாது. இந்த மாதிரி ஒரு பஸ்லதான், என் மடியில இருந்தான். அசந்து தூங்குறான்னு நெனச்சேன். பின் சீட்ல ரெண்டு பேரு பேசிச் சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. நான்தான் திரும்பி, புள்ள தூங்குதுங்க, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கன்னேன். பாவம், நல்ல மனுஷங்க, எங்க ஸ்டாப் வர்ற வரைக்கும் வாயே தொறக்கல.

நீங்க ஏன்க்கா குரலைக் கொறைச்சுட்டீங்க? சத்தமாவே பேசுங்க. முழிச்சா முழிக்கட்டும்.