கொஞ்சம் தள்ளி எடுத்த மண்

வீட்டைப் பூட்டிவிட்டுப் படி இறங்கியபின் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. பிரிக்ஃபீல்ட்ஸில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மாலை வகுப்பு முடிந்து வந்ததும் அன்று செய்ததையெல்லாம் டைரியில் எழுதுவதும் அதனால்தான். இந்த விசாரணையில் நீங்கள் கேட்பதற்கு வரிசையாகச் சொல்ல அந்தப் பழக்கம் உதவுகிறது.

கிள்ளானில் முன்பு பழைய பேட்டரிகளை உருக்கும் தொழிற்சாலை இருந்த நிலம் அது. வீடுகள் கட்டுவதற்காக எங்கள் கம்பெனி அதைச் சுத்தம் செய்தது. ஈயம் கலந்த மண்ணை வாரி அனுப்பிவிட்டு, செமினியிலிருந்து லோரி லோரியாகச் செம்மண் கொண்டுவந்து கொட்டினார்கள். பிறகு நான் துளைக்கம்பியை இறக்கி, அடிமண்ணை எடுத்து, ஈயம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கிழக்கு மூலையில் கம்பி கறுப்பு மண்ணோடு வந்தது. ஆசிட் வாடை அடித்தது. வேறு யாராவதாக இருந்தால் உடனே வாயைத் திறந்திருப்பார்கள். நான் முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். கம்பியைச் சரியாகக் கழுவினேனா? கழுவி மறுபடி இறக்கினேன். மறுபடியும் கறுப்பு. கொஞ்சம் தள்ளி இறக்கினேன், செம்மண் வந்தது. அதை அனுப்பினேன். முடிவு சுத்தம் என்று வந்தது.

"நீ எடுத்தா பிரச்சனையே வராது லா," என்று சூப்பர்வைசர் நைஜல் சிரித்தார். என்னை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. அதன்பிறகு அந்த மூலையில் எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் எடுத்தேன்.

அண்ணன் சுகுமாறன் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார். நான் வேலை செய்த நிலம்தானே, நல்லதா என்று கேட்டார். இல்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். நல்ல நிலம் என்றேன். அவருக்குக் கிழக்கு மூலை வீடு கிடைத்தது. மூலை வீட்டுக்குப் பின்னால் கூடுதலாகக் கொஞ்சம் இடம் உண்டு. அண்ணி ஷாமினி அங்கே கீரை போட்டார். அவர்கள் மகன் லோகன் நாள் முழுக்க அந்த மண்ணில் உட்கார்ந்து விளையாடினான்.

அவனுக்கு இரண்டு வயது. பேசிக்கொண்டிருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக விட்டான். என்னை 'அத்த' என்று கூப்பிடுவதையும் விட்டான். இரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்றார் டாக்டர்.

அண்ணி என்னைத் தேடி வந்தார். "நீ இதையெல்லாம் படிக்கிறவ, சந்திரகலா. ஈயம் வீட்டுக்குள்ள எப்படி வரும்?"

"பிள்ளைக்கு என்ன மை வைக்கிறீங்க, அண்ணி?"

நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். சில கண்மைகளில் ஈயம் இருப்பது உண்மை, வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கண் பட்டுவிடக் கூடாதென்று, பிறந்த நாளிலிருந்து அவன் கண்ணுக்கும் கன்னத்துக்கும் மை வைத்தவர் அண்ணி. வீட்டுக்குப் போனதும் மைச் சிமிழைக் குப்பையில் போட்டார். அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இப்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கும் முன் அண்ணி சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். தோல் உரிந்துவிட்டது. களிம்பு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

இரும்புச்சத்துள்ள சாப்பாடு கொடுக்கச் சொன்னாராம் டாக்டர். அதனால் வீட்டுக்குப் பின்னால் பறிக்கும் கீரையை மசித்துத் தினமும் ஊட்டுகிறார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உண்மை எது என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லையே. மையை நிறுத்தியாயிற்று. அடுத்த பரிசோதனையில் ஈயம் இறங்கினால் காரணம் அண்ணியின் மை. ஏறினால் நான் மறைத்த மண். அப்படித் தெரிந்துவிட்டால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரைக்கும் கீரையை மட்டும் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால், தவறு என்னுடையதுதானா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்.