ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள

...அதாங்க சார் சொல்றேன், வர்றவங்ககிட்ட என்ன வலின்னு கேட்டு சீட்டு எழுதறதும் நான்தான், அறுநூறு பேர்கிட்ட சர்வே எடுத்ததும் நான்தான். நம்ம முட்டிவலி கிளினிக் எப்படி இருக்கு, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடுங்கன்னு. முக்காவாசிப் பேர் அஞ்சு. நீங்களுந்தான், ஞாபகம் இருக்கா? நான்தானே பக்கத்துல நின்னு பேனா குடுத்தேன். நீங்க நாலுல கொண்டுபோய் வச்சீங்க. 'என்ன சார், எங்கமேல கோவமா'ன்னேன். சிரிச்சுக்கிட்டே அஞ்சாக்கிட்டீங்க. தங்கமான மனுஷன்.

அப்புறம் பாத்தா, அஞ்சு போட்டவங்கள்ல பாதிப்பேர் வர்றதையே நிறுத்திட்டாங்க. நீங்களுந்தான். இருங்க, இருங்க, அதக் கேக்கத்தான் உங்க வீட்டுக்கே வந்திருக்கேன்.

இதுல என் நாத்தனார் வேற. அவளுக்கும் நம்ம கிளினிக் ஆபீஸ்லதான் வேல, எல்லாம் என் தலையெழுத்து. 'நம்பர் எத்தனைன்னுதான் சொல்லும் அண்ணி, ஏன்னு சொல்லாது'ன்னு எங்க மேனேஜர் மேடம் முன்னாடியே சொல்றா. அவ பத்துப் பன்னெண்டு பேர்கூட வருஷம் பூரா உக்காந்து கத கேட்டவ. என்னடி கண்டுபிடிச்சேன்னா, 'ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம் அண்ணி'ங்கறா. அத நான் வீட்ல வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்லியிருப்பேனே.

மேடம் அவ பக்கம் சாஞ்சுட்டாங்க. இன்னிக்குள்ள உருப்படியா ஒரு பேட்டி கொண்டா, இல்லேன்னா உன் நாற்காலி அவளுக்குன்னுட்டாங்க. பேட்டின்னா, ஒரு கேள்வி கேட்டுட்டு வாய மூடிக்கணுமாம். எதிராளி யோசிச்சா யோசிக்க விடணுமாம். அதென்ன பெரிய வித்தையா? நான்லாம் எவ்ளோ நேரம் வேணாலும் பேசாம இருப்பேன்... தண்ணியா? வேணாம், எந்திரிக்காதீங்க, முட்டி வலிக்கும்.

சரி, சொல்லுங்க. ஏன் வர்றத நிறுத்தினீங்க?

...வீடு தூரமா? கூட்டமா? அந்த உடற்பயிற்சி சொல்லித் தர்றவர் மொறைக்கிறாரா? அவர் மொகமே அப்படித்தான். அவர் வீட்டம்மாவே...

அடடா, ரெக்கார்டர் நின்னுபோச்சு. அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிருச்சா? அப்ப இதுல இருக்கறது பூரா என் குரலா...

பரவால்ல, இப்ப சொல்லுங்க. நான் எழுதிக்கறேன். ம். ம். வலி எங்கேன்னு சொல்ல வாயத் தெறந்தாலே... பேச விடறதில்லயா? யாரு சார் அது? அந்த ஆள இன்னிக்கே மேடம்கிட்ட...

...நானா.

இல்ல சார், கோவமெல்லாம் இல்ல. கண்ணுல தூசி. அத அப்படியே எழுதணும், அதான் பேட்டி. எழுதினா என் நாற்காலி போயிரும், அவ்ளோதான்... சார், இதுக்கு ஒரு மார்க் மட்டும் போட்டுருவோமா? என்னால உங்களுக்கு எவ்ளோ தொந்தரவு, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள. நிதானமா யோசிங்க, நான் வாயே தெறக்கல.

அஞ்சா?

...நாலு போட்டுக்கட்டுமா சார்?