அத்தர் மணமும் அழுத்த அறையும்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அண்ணன் ரங்கசாமி அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, உலையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, இன்று பணி ஓய்வு பெறும் என் அன்புத் தோழர் இனிகோ அவர்களே! தோல் வியாபாரி மன்சூரின் வணக்கமும் சலாமும் உங்கள் அனைவருக்கும்.

"சத்தமாப் பேசுங்கண்ணே" என்கிறார் பின்னால் ஒருவர். பேசுறேன் அப்பு. இந்தச் சத்தத்துக்கு நன்றி சொல்லத்தானே வந்திருக்கிறேன்.

எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. பேகம்பூர்க் கூட்டத்துக்குப் புறப்பட்ட காலையில் வலக்கை விழுந்தது, வாய் கோணியது, வார்த்தை போனது. மேடை மேடையாய் முழங்கிய நாக்குக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை. மதுரையில் தொடை வழியே மெல்லிய குழாயை விட்டு, மூளையை அடைத்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். கட்டி வெளியே வந்தது. ஆனால் எப்போதோ ஒருவருக்கு நேர்வது எனக்கு நேர்ந்தது: ஒரு காற்றுக்குமிழி மூளைக்குள் ஏறிவிட்டது. கடுகளவு காற்று, தோழர்களே! கத்தியே பேசிய மன்சூரைக் கடுகளவு காற்று கவிழ்த்தது.

காற்றழுத்தத்தைக் கூட்டிவைக்கும் அழுத்த அறைக்குள் ஆக்சிஜன் கொடுத்தால் குமிழி சுருங்கும், பேச்சும் திரும்பலாம் என்றார் மருத்துவர். அந்த அறையை இயக்கியவர் இந்த இனிகோ.

நல்ல காரியத்துக்கு அனுப்பும்போது அத்தர் பூசுவது எங்கள் வீட்டு வழக்கம். என் மனைவி நர்கீஸ், யாரும் பாராமல் என் காதோரம் இரண்டு சொட்டு தடவிவிட்டாள். கதவை மூட வந்த இனிகோவுக்கு மணம் எட்டியது. அத்தரின் எண்ணெய்ப் பசையோடு ஆக்சிஜனுக்குள் போனால் ஒரு பொறி போதும், அறையே எரியும். ஏசினாரா? இல்லை. சோப்பும் வெந்நீரும் வாங்கி, தம் கையாலேயே துடைத்து, பருத்தித் துணி மாற்றி உள்ளே விட்டார். கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம். காது அடைக்கும்போதெல்லாம் எச்சில் விழுங்கச் சொல்லிச் சைகை. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

வெளியே நர்கீஸ், அத்தரைத் துடைத்ததில் தன்னால்தான் நேரம் போனது, இனி என் பேச்சு திரும்பாவிட்டால் அதுவும் தன்னால்தான் என்று, நான் அறைக்குள் போய்வந்த மூன்று நாளும் உட்காராமல் நின்றாள். மூன்றாம் நாள் வெளியே வந்தேன். வாய் திறந்தது. என்ன பேசினேன்? வீர உரையா? வெற்றி முழக்கமா?

"நர்கீசு, உம்மேல தப்பில்ல. செத்த நேரம் உக்காரு."

நாற்பதாண்டு மேடையில் இதைவிட நல்ல பேச்சை நான் பேசியதில்லை. அதைப் பேச வைத்த இனிகோ நீடு வாழ்க! கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம், சலாம்.